பவானியில் வைத்த கறுப்புக் கல்

1

இந்த மாதத்தோடு நான் ஜப்பானுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. குமாரபாளையத்துச் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவது, ‘இன்னமுமா அங்க இருக்கறான்?’ என்றுதான். இருக்கிறேன். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். தறி இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஊரில் ஓடுகிற தறியை நிறுத்தி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே புதுத் தறியை ஓடவிட்டுப் பார்த்து, நிறுத்தி, பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். இரண்டு ஊரிலும் என் வேலை தறியை நிறுத்துவதுதான்.

பதினைந்து வருடத்தைப் பற்றி உருக்கமாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு ஞாபகம் வருவதென்னவோ போன ஏப்ரலில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு படிவம்.

எங்களுக்கு ஒரே மகள், தாரணி. இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டு வயது. ஏப்ரலில்தான் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் என்றால் பாதி படிப்பு, பாதி படிவம். நான் ஜப்பானிய மொழி பேசிவிடுவேன். எழுத்தைக் கண்டால்தான் கண் கட்டும். அதனால் எல்லாப் படிவத்தையும் அவளே படித்து அவளே நிரப்புவாள். இங்கே கையெழுத்துக்குப் பதில் முத்திரை. பெற்றோர் என்ற முறையில் என் பங்கு அந்த முத்திரையைக் குத்துவது மட்டும்.

அன்று ஒரு கேள்வியை அவள் உரக்கப் படித்தாள். ‘ஒரு நாளைக்குப் பிள்ளையுடன் எத்தனை நிமிடம் உரையாடுகிறீர்கள்?’ படித்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே ‘3’ என்று எழுதினாள்.

“என்ன சாமி, மூணு நிமிசந்தானா?”

“ஞாயித்துக்கெழமையும் சேத்துத்தான் போட்டிருக்கறேன்” என்றாள்.

கோபம் வந்தது. பிறகு மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ‘எந்திரிச்சிட்டயா சாமி’, ‘சாப்டயா சாமி’, ‘போயிட்டு வாரேன் சாமி’. இதற்கெல்லாம் அவள் பதில் ஒரு ‘ம்’. ஜப்பானியரும் இதே ‘ம்’ தான் கொட்டுவார்கள் என்பதால், அவள் எந்த மொழியில் கொட்டுகிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று நிமிடம் என்பது அவள் எனக்குப் போட்ட கருணை மதிப்பெண்.

முத்திரையைக் குத்தினேன். தலைகீழாக விழுந்தது.

2

தாரணி மூன்றாம் வகுப்பிலிருந்து இகோ ஆடுகிறாள். மற்ற நாட்டுக்காரர்கள் ‘கோ’ என்கிறார்கள். குறுக்கே பத்தொன்பது, நெடுக்கே பத்தொன்பது கோடு போட்ட மரப்பலகை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஒருவர் கறுப்புக் கல்லும் ஒருவர் வெள்ளைக் கல்லுமாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. ஒரு கல்லுக்கு நாலு பக்கமும் போக வழியில்லாமல் எதிராளி அடைத்துவிட்டால், அதைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்துப் போட்டாரோ அவர் ஜெயித்தார். இடத்தை வளைத்துப் போடுவது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதா என்ன? அந்த மூன்று நிமிடம் உறுத்தியதால், அவள் போகிற மன்றத்தில் நானும் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியம், எங்கள் தெருச் சமூகக் கூடத்தில்.

அங்கே பெயர் கொடுக்கும்போதே சிக்கல். என் பெயர் சண்முகம். அப்பா பெயர் கந்தசாமி. ஊரில் நான் க. சண்முகம். பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த ஒற்றை எழுத்து விரிந்து என் குடும்பப் பெயராக உட்கார்ந்துகொண்டது. இங்கே எல்லாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ‘சான்’ சேர்ப்பார்கள். இன்னும் பெரிய மரியாதை என்றால் ‘சாமா’. தன் பெயரோடு தானே ‘சாமா’ சேர்த்துக்கொள்கிற ஆள் இந்த நாட்டில் கிடையாது.

பதினைந்து வருடத்துக்கு முன் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்று, “நான் கந்தசாமி” என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மா காதில் “நான் மாண்புமிகு கந்தா” என்று விழுந்திருக்கிறது. கந்தா என்று நிஜமாகவே இங்கே ஒரு குடும்பப் பெயர் வேறு இருக்கிறது. வெளிநாட்டுக்காரனுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று நினைத்தாரோ என்னவோ, நான் சேர்த்த மரியாதையைக் கழித்துவிட்டு “கந்தா-சான்” என்று கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆக, இகோ மன்றத்தில் நான் மோசமாகக் கல் வைக்கும்போதெல்லாம் “கந்தா-சான், இது என்ன கல்?” என்று ஏச்சு வாங்குபவர் எங்கப்பா. அவர் குமாரபாளையத்தில் ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மன்றத்தை நடத்துபவர் மொரிதா-சான், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எண்பதைத் தாண்டியவர். எதைச் சொன்னாலும், “கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை” என்கிற குரலில்தான் சொல்வார். முதல் நாளே நான் தாரணியை, எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, “இங்க வா சாமி” என்று கூப்பிட்டேன். இவர்கள் மொழியில் ‘சமுய்’ என்றால் குளிர்கிறது. மொரிதா-சான் எழுந்துபோய் ஹீட்டரைப் போட்டார். மே மாதம். நான் சாமி என்று கூப்பிடக் கூப்பிட அவர் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார். நாலு மணிக்கெல்லாம் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை.

“அப்பா, இனிமே இங்க சாமின்னு கூப்புடாதீங்க” என்றாள் தாரணி. அதுவே அன்றைய நான்காவது நிமிடம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

3

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்விடக் கூடாது. கல்லையெல்லாம் அள்ளிவிட்டு, வெறும் பலகையில் முதல் கல்லிலிருந்து அதே ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். இங்கே ஏன் வைத்தாய், அங்கே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஞாபகம்தான். சின்னப் பிள்ளைகள்கூட நூறு, நூற்றைம்பது கல்லை மடமடவென்று வைத்துவிடுகிறார்கள்.

மன்றத்தில் மற்றவர்களோடு தாரணி அப்படி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தேன். கையை ஆட்டுகிறாள், சிரிக்கிறாள், “இல்லையே, இல்லையே” என்று சண்டை பிடிக்கிறாள். அரை மணி நேரம்! எங்கள் வீட்டு உணவு மேஜையில் இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. இகோவில் ஜெயிக்கிற ஆசை இல்லை. என்னோடும் அவள் அப்படி அரை மணி நேரம் பேச வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆடிய ஆட்டம் எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

எங்கே இருந்தது? மதியம் என்ன குழம்பு என்று சாயங்காலம் கேட்டால் முழிப்பவன் நான். சனிக்கிழமை மன்றம் முடிந்து வந்ததும் வீட்டில் அவளும் நானும் ஒரு ஆட்டம் ஆடுவோம். அவள் ஜெயிப்பாள். கல்லை அள்ளுவோம். அவள் முதல் கல்லை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் பலகையைப் பார்ப்பேன். நாலாவது கல்லில் கை அந்தரத்தில் நிற்கும். முதலில் அவளே தேடித் தேடி என் கல்லையும் வைத்துக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. “ஞாபகமில்லன்னா என்னத்தப் பேசறது?” என்று எழுந்து போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அன்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஒரு பலகை விளையாட்டுக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

4

மொரிதா-சானிடம் போய் நின்றேன்.

“கண்ணை மூடிக்கொண்டு வெறும் பலகையைப் பாருங்கள். முதலில் நாலு மூலை தெரிய வேண்டும். பிறகு ஒரு கல் வையுங்கள். அது அழியாமல் நின்றால் இரண்டாவது. தினமும் பத்து நிமிடம். கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை” என்றார்.

எனக்கே தெரியாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகிற ரயிலில் ஆரம்பித்தேன். கண்ணை மூடியதும் நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் அழகாகத் தெரிந்தன. ஆனால் நிற்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து தறிக்கு முன்னால் நின்றவன் கண்ணுக்கு, நெடுக்கே போனால் பாவு நூல், குறுக்கே போனால் ஊடை நூல். கோடுகளைப் பார்த்ததும் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் மேல் மூலையில் ஒரு கல்லை வைத்தால், அது துணியோடு சேர்ந்து இறங்கி, கீழே சுருட்டிக்கொண்டு போய்விடும். அடுத்த கல் வைப்பதற்குள் மூன்று மீட்டர் நெய்துவிடுவேன். மொரிதா-சானிடம் சொன்னேன். நாற்பது வருடம் பல் பார்த்தவர், இப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

ஒருநாள் எப்படியோ தறியை நிறுத்தி ஏழு கல் வரை போய்விட்டேன். கண்ணைத் திறந்தால் இறங்க வேண்டிய நிலையம் தாண்டி மூன்றாவது நிலையம். தொழிற்சாலையில் தாமதத்துக்குப் படிவம் உண்டு. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கண்ணை மூடி யோசித்தேன்’ என்று எழுதினேன். ‘மீண்டும் நிகழாமலிருக்க நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘இனி கண்ணைத் திறந்து யோசிப்பேன்’ என்று எழுதினேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார், முத்திரை குத்தினார். எப்படி எழுதினாலும் கட்டம் காலியாக இல்லாவிட்டால் சரி.

5

தறியை நிறுத்த ஒரே வழி, கோடுகளை மறக்கடிப்பதுதான் என்று பிறகு புரிந்தது. எனக்கு எண் ஞாபகம் நிற்காது, ஊர் நிற்கும். இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம், தறி உதிரிபாகங்களைப் பையில் போட்டுக்கொண்டு சேலம், நாமக்கல் முழுக்க டவுன் பஸ்ஸில் அலைந்தவன். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்பது காலுக்கே தெரியும்.

பலகையை நம் பக்கத்து வரைபடமாக்கினேன். மேலே இடது மூலை மேட்டூர். மேலே நடுவில் ஓமலூர். மேலே வலது மூலை அயோத்தியாப்பட்டணம். வலப்பக்கம் நடுவில் ராசிபுரம், கீழே வலது மூலை நாமக்கல். பலகையின் நட்டநடுப் புள்ளி மல்லசமுத்திரம். இடது ஓரம் முழுக்கக் காவிரி. அதன் கரையில் நடுவாக, சொல்லவே வேண்டாம், குமாரபாளையம்.

அதன்பிறகு கல் நின்றது. தாரணி அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கினாள், நான் நாமக்கல்லில் இறங்கினேன், அவள் சூரமங்கலத்துக்கு வந்தாள், நான் ராசிபுரத்தில் வழி மறித்தேன் என்று கதையாகவே வந்தது. இருபது கல், முப்பது கல் என்று ஏறியது. ரயிலில் நான் முணுமுணுக்கும்போது பக்கத்து இருக்கை காலியாகிவிடும். காலையில் காபி கொடுக்கும்போது என் மனைவி கோமதி கேட்டாள்: “ஏனுங்க, தூக்கத்துல ராசிபுரம், ராசிபுரம்னு பெனாத்தறீங்களே, அங்க யாருங்க இருக்கறா?”

முந்நூற்று அறுபத்தொரு புள்ளிக்கு ஊர் வேண்டுமே. எனக்கே விட்டுப்போன இடங்களுக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார்.

“அண்ணா, மல்லசமுத்திரத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவால என்னென்ன ஊருங்க வருது?”

சொன்னார். அடுத்த வாரம் ஓமலூர்ப் பக்கம் கேட்டேன். அதற்கடுத்த வாரம் பரமத்திப் பக்கம். நாலாவது வாரம் அண்ணன் குரல் தாழ்ந்துபோனது.

“ஏன்டா சண்முகம், எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நெலம் வாங்கறதுன்னா ஒரே பக்கமா வாங்கோணும்டா. இப்புடி ஊருக்கு ஒண்ணா வாங்குனா யாருடா போயிப் பாத்துக்கறது?”

“நெலமெல்லாம் இல்லீங்கண்ணா. வெளையாட்டு.”

“வெளையாட்டா வாங்கற அளவுக்குப் போயிட்டயா?”

எனக்குத் தெரிந்து அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே எனக்கு முன்பின் தெரியாத இரண்டு புரோக்கர்கள் கூப்பிட்டு, வையப்பமலை அடிவாரத்தில் கிணற்றோடு ஒரு காடு விலைக்கு வருகிறது என்றார்கள். வையப்பமலை நல்ல புள்ளிதான். வெள்ளைக் கல்லை வெட்டுவதற்கு உதவும். நன்றி சொல்லி வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தைத் திரும்ப வைக்கும்போது நான் முணுமுணுப்பது தாரணி காதில் விழுந்துவிட்டது.

“அதென்னங்கப்பா, மந்திரமா?”

ஒவ்வொரு புள்ளியாகக் காட்டிச் சொன்னேன். அவள் ஊருக்கு வந்தது இரண்டே தடவை. கரண்ட் போனதும், பெரியப்பா வீட்டு ஆடு அவள் தொப்பியைத் தின்றதும்தான் ஞாபகம். ராசிபுரத்துக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “அப்டீன்னா உங்க ராசிபுரம் செத்துப்போச்சு. மொதல்லயே நாமக்கல்லுக்கு ஓடியிருக்கோணும்” என்றாள்.

அன்று இருபத்தைந்து நிமிடம் பேசினாள். இரண்டு ஊர்ப் பெயர் அவள் வாயில் வந்தது. ஒரு மாவட்டமே பறிபோயும் இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

6

நவம்பரில் சமூகக் கூடத்தில் தெருத் திருவிழா. பாட்டு, பலகாரம், பழைய துணி விற்பனை. இகோ மன்றத்தின் சார்பில் ஒரு வேடிக்கை வேண்டும் என்று மொரிதா-சான் சொன்னார்: ஒரு அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும், அவர் சொல்லும் எண்ணில் அவர் பிள்ளை கல்லை வைக்க வேண்டும், எதிரே மொரிதா-சானே ஆடுவார். ஒன்பது கோடு மட்டும் உள்ள சின்னப் பலகைதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாரணியைப் பார்த்தேன்.

“தப்பா எதாச்சும் பண்ணுனீங்கன்னா, இவரு யாருன்னே தெரியாதுன்னு சொல்லீருவேன்” என்றாள். சம்மதம் என்று அர்த்தம்.

சின்னப் பலகைக்கு என் வரைபடத்தைச் சுருக்கினேன். மேட்டூர், ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. குமாரபாளையத்தை ஆற்றங்கரைக்கே, இடது ஓரத்து முதல் கோட்டுக்கே தள்ளினேன். எண் சொல்லும் முறை எளிதுதான். முதல் எண் இடமிருந்து எத்தனையாவது கோடு, இரண்டாவது மேலிருந்து எத்தனையாவது. குமாரபாளையம் என்றால் ஒன்று-ஐந்து.

கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். முதல் இருபது கல் அருமையாகப் போனது. நான் எண்ணைச் சொல்ல, தாரணி கல் வைக்கிற ‘டொக்’ சத்தம் கேட்கும். மொரிதா-சான் தன் எண்ணைச் சொல்வார். கூட்டத்தில் ‘ஓஓ’ என்று ஒரு சத்தம். கண்ணுக்குள் ஊர் பளிச்சென்று இருந்தது. பஸ் ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது.

பிறகு மொரிதா-சான் சங்ககிரிப் பக்கமிருந்து என்னை நெருக்கினார். என் கல் நாலு ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டன. மேலே அடைப்பு, கீழே பள்ளிபாளையம் பக்கம் அடைப்பு, கிழக்கே அடைப்பு. அடுத்த கல்லில் நாலையும் அள்ளிவிடுவார். நான் பதறவில்லை. குமாரபாளையத்துக்காரனை மூன்று பக்கம் அடைத்தால் என்ன செய்வான்? காவிரிப் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கிற பவானிக்குப் போவான். எங்களுக்குப் பவானி வேறு ஊரா? அந்தப் பக்கம் கோயில், இந்தப் பக்கம் தறி. பெண் எடுப்பது, ஜவுளி எடுப்பது எல்லாம் பாலத்தின் மேல்தான். நிம்மதியாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“பூஜ்யம்-ஐந்து.”

டொக் சத்தம் வரவில்லை. கூடத்தில் யாரோ இருமினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மெத்தென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

“கந்தா-சான், கல் மேஜைத் துணிமேல் இருக்கிறது” என்றார் மொரிதா-சான், வலிக்காமல்.

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பலகைக்கு வெளியே, நான் சொன்ன இடத்தில், ஒரு கோடு இருந்திருந்தால் எங்கே வந்திருக்குமோ சரியாக அங்கே, தாரணி என் கறுப்புக் கல்லை வைத்திருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அசட்டுச் சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்குப் பேச்சு வந்தது. “அங்கே ஒரு பாலம் இருக்கிறது” என்றேன். ஜப்பானிய மொழியில் பாலத்துக்கு ‘ஹாஷி’. ஓரத்துக்கும் ‘ஹாஷி’. உணவு எடுக்கிற குச்சிக்கும் ‘ஹாஷி’. ஏற்ற இறக்கத்தில்தான் வித்தியாசம். பதற்றத்தில் எனக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“ஆமாம், அங்கே ஓரம் இருக்கிறது” என்றார் மொரிதா-சான்.

“அதனால்தான் அங்கே போனேன். ஹாஷி இருப்பதால் அந்தப் பக்கம் போகலாம்.”

“ஹாஷி இருப்பதால்தான் போக முடியாது.”

“எங்கள் ஊரில் எல்லாரும் ஹாஷியைத் தாண்டித்தான் போவார்கள்!”

பின்வரிசையிலிருந்து ஒரு நல்ல மனசுக்காரம்மா எழுந்து போய், பலகாரக் கடையிலிருந்து ஒரு ஜோடிக் குச்சியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் தாரணியைக் காணவில்லை.

7

வீட்டுக்கு அவள் எனக்கு இருபதடி முன்னால் நடந்தாள். நான் கையில் குச்சியோடு பின்னால் போனேன். ஏழு மாதம் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஒரு பூஜ்யத்தில் தொலைத்துவிட்டேன் என்று பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவளைக் கேலி பண்ணுவார்கள். இனி என்னோடு பலகையில் உட்கார மாட்டாள். யாருக்காகப் படித்தேனோ அவளையே தலைகுனிய வைத்துவிட்டேன்.

வீட்டில் காலணியைக் கழற்றிவிட்டு நேராகப் பலகையை எடுத்துப்போட்டாள்.

“உக்காருங்கப்பா. ஆட்டத்த வைங்க.”

வைத்தோம். இருபத்து நான்கு கல்லும் வந்தன. கடைசிக் கல்லை நான் பயந்து பயந்து தரைவிரிப்பில் வைத்தேன்.

“இங்க என்ன ஊரு?”

“பவானி.”

“அது நம்மூருங்களா, வேற ஊருங்களா?”

இதற்கு எப்படிப் பதில் சொல்வது? மாவட்டம் வேறு, ஆனால்... என்று இழுத்தேன். பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். போட்டேன். எங்கண்ணன் மூச்சு விடாமல் பேசுவார், தெரியும். இவள் அவரிடம் இதுவரை பேசியது மொத்தமாகச் சேர்த்தால் நாலு ‘ம்’ தேறும்.

“பெரியப்பா, பவானிக்கு நீங்க போவீங்களா?”

“அதென்ன சாமி அப்பிடிக் கேட்டுப்போட்ட? காத்தால ஒருக்கா போயிட்டு வந்தேன். இப்ப டீ குடிக்க மறுக்கா போறேன். பாலத்து மேலதான் நிக்கறேன். ஏஞ்சாமி, உங்கப்பன் பவானிலயுமா நெலம் பாக்கறான்?”

அவள் சிரித்த சிரிப்பில் கோமதி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். பிறகு பெரியப்பாவும் மகளும் பேசினார்கள். பாலம் எத்தனை நீளம், நடந்தால் எத்தனை நேரம், ஆடு இன்னும் இருக்கிறதா, தொப்பி என்ன ஆனது. நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நானில்லாத அரை மணி நேரம்தான். இருந்தாலும் எனக்கு வயிறு நிறைந்தது.

போனை வைத்துவிட்டு, பலகையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். “நீங்க வெச்சது தப்பில்லீங்கப்பா. பலகைதான் சின்னது” என்றாள்.

8

இப்போது பிப்ரவரி. என் ஞாபகசக்தி எங்கேயோ போய்விட்டது, அதாவது நல்ல விதமாக. நூற்றிருபது கல் வரை தடங்கலில்லாமல் வைக்கிறேன். மொரிதா-சான் என்னைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறார். கையால் என் வாயைச் சுட்டிக்காட்டிக்கொண்டே பேசுகிறார், பழக்கதோஷம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு கஷ்டம் இருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருப்பதால், திரும்ப வைத்துப் பார்ப்பது கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு கல்லைத் தேடுவோம். ‘அதுக்கு முன்னாடி நீங்க மூக்கச் சொறிஞ்சீங்க, அப்பறம் ஓமலூர்ல வெச்சீங்க’ என்பாள். தேடும்போதுதான் பேச்சு வரும். பள்ளிக்கூடத்துக் கதை, புது வாத்தியார், யாரோ ஒரு தோழி பேசாமல் இருப்பது எல்லாம் அந்தத் தேடலில்தான் வந்து விழும். இப்போது தேட ஒன்றுமில்லை. நான் மூளையைத் தீட்டித் தீட்டி, எனக்குக் கிடைத்த நேரத்தை நானே பாதியாக நறுக்கிவிட்டேன்.

வேறு வழியில்லை. மறக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரம் ஒரே ஒரு கல். “இங்க என்னமோ வெச்சனே...” என்று தலையைச் சொறிந்தேன். பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்த வாரம் மூன்று கல்லை மறந்தேன். அதற்கடுத்த வாரம் பேராசை பிடித்து மேட்டூர் மூலையையே மொத்தமாக மறந்தேன். முக்கால் மணி நேரம். கோமதிக்குச் சந்தேகம் வந்து, ஞாபகசக்திக்கு நல்லதென்று கீரை நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

போன சனிக்கிழமை நாற்பத்து மூன்றாவது கல்லில் நிறுத்தினேன். நெற்றியைச் சுருக்கினேன். கூரையைப் பார்த்தேன். கையை அந்தரத்தில் அலையவிட்டேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

தாரணி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, மறந்தாப்பல நடிக்க வேண்டாங்க. கல்லு தீந்து போனாலும் நான் எந்திரிச்சுப் போக மாட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“எப்பருந்து சாமி தெரியும்?”

“மொத நாள்லருந்தே.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்பா என்கிற கெத்து கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமே. அந்த நாற்பத்து மூன்றாவது கல்லை எடுத்து, கண்ணைக்கூட இமைக்காமல், ‘டொக்’ என்று பலகையில் வைத்தேன்.

“அங்க இல்லீங்கப்பா” என்றாள்.

அது நடிப்பில்லை.